பிரதிநிதி யார்?
தலவாக்கலைத் தொகுதியும் சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்தும்

சட்டசபைக்குச் சென்றவரெல்லாம் ஜனங்களின் பிரதிநிதிகள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெட்டியைத் திறந்து வோட்டுகளை எண்ணி, அதிகத் தொகை எவருக்கு விழுந்ததோ அவரே பிரதிநிதி என்று சர்க்கார் அறிவித்துவிடுகிறது. மறுநாள் மாலை மரியாதையும் ஊர்வலமும் நடக்கின்றன. ஆனால், ஒருவர் பிறருக்குப் பிரதிநிதியாவது அவ்வளவு சுலபமான காரியந்தானா? பிறருக்காகத் தாம் பேசுவது ஒன்று. பிறர் பேசுவதற்குத் தாம் வாயிலாக அமைவது மற்றொன்று. முன்னதற்கு ஓர் ஆசனமும் உரத்த குரலும் போதும். பின்னதற்குக் காது வேண்டும். தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் மனமும் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை விளக்க, இலங்கை மலைநாட்டிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்ற தோழர் சி. வி. வேலுப்பிள்ளையின் (1914–1984) வாழ்வைக் காட்டிலும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. அவர் 1947-ம் வருஷத்தில் தலவாக்கலைத் தொகுதியின் அங்கத்தினரானார். ஒரே ஒரு பார்லிமெண்டில்தான் அவர் மக்களின் வோட்டினால் அமர்ந்திருந்தார். அதன்பின் அவருக்குத் தொகுதியில்லை. அவரை அனுப்பியவர்களுக்கு வோட்டும் இல்லை. ஆயினும் தலவாக்கலையின் பிரதிநிதி என்னும் பெயருக்கு அவர் முழு உரிமை பெற்றது, ஆசனத்தை இழந்த பின்புதான் என்பது நமது கருத்து. அதனை அவர் நூல்களைக் கொண்டே நிறுவ முயலுவோம்.

இரு தீவுகளில் ஒரு வருஷம்

சிங்கப்பூர்த் தமிழருக்கு இலங்கைத் தொகுதியொன்றின் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1948-ம் வருஷத்தை நினைத்துப் பார்ப்பவர் அவ்வாறு கேளார்.

அவ்வருஷம் மார்ச்சு 20-ந் தேதி சிங்கப்பூரில் முதன்முதலாகச் சட்டசபைத் தேர்தல் நடந்தது. வோட்டால் நிரப்பப்பட்ட ஆசனங்கள் ஆறே. நான்கு நகரப் பகுதிக்கு. இரண்டு கிராமப் பகுதிக்கு. கிராம மேற்குத் தொகுதியில் வெற்றி பெற்றவர் வங்காளியாகிய வக்கீல் எஸ். சி. கோஹோ. பிரிட்டிஷ் பிரஜைகளுக்கே வோட்டு என்பது விதி. பெயரைப் பதிந்துகொண்டவர்கள் சுமார் 23,000 பேரே. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இந்தியர், அந்த வோட்டர் ஜாபிதாவில் தம் பங்கினும் பன்மடங்கு அதிகமாக இடம் பெற்றிருந்தனர். இந்தியாவில் பிறந்தவனுக்கும் இங்கே வோட்டு இருந்தது. இம்மண்ணிலேயே பல்லாண்டு உழைத்த சீனர் பலருக்கு இல்லை. நியாயம் எது என்பது வேறு விஷயம். சட்டத்தின் ஒரு வரி யாரை வாயிற்படிக்கு உள்ளே நிறுத்துகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

அதே வருஷத்தில் இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. பெப்ரவரி 4-ந் தேதி அத்தீவு சுதந்தரம் பெற்றது; ஆண்டு முடிவதற்குள் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பிறந்தது இலங்கையென்றாலும் போதாது. தகப்பன் அங்கே பிறந்ததையோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததையோ காட்ட வேண்டுமென்று அச்சட்டம் கூறிற்று. லயத்துக் காம்பராவில், மருத்துவச்சியின் கையில் பிறந்தவனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? 1949-ல் இந்திய பாகிஸ்தானியர்க்கெனத் தனிச் சட்டமொன்று செய்தார்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் அதன்கீழ் மனுவில் அடங்கினர். அங்கீகாரம் பெற்றவர் ஏறக்குறைய 1,34,000 பேரே. அதே ஆண்டு தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜையல்லாதவர் பெயர் வோட்டர் ஜாபிதாவினின்று நீக்கப்பட்டது.

இங்ஙனம் ஒரே சாம்ராஜ்யத்தின் இரண்டு தீவுகளில், ஒரே ஜில்லாவிலிருந்து கப்பலேறியிருக்கக்கூடிய அண்ணன் தம்பியருள் ஒருவன் வோட்டுப் போடச் சென்றான், மற்றொருவன் நாடற்றவனானான். ஆகையால் தலவாக்கலையின் கதை நமக்கு அந்நியமான கதையன்று.

கங்காணியின் பேரன்

சி. வி. பிறந்தது வட்டகொடைக்கு அருகேயுள்ள மடக்கும்புரத் தோட்டத்தில். அவருடைய பாட்டனார் பெரிய கங்காணி. இதனை மறைப்பதில் பயனில்லை. மறைத்தால் அவருடைய வாழ்வின் பொருளே விளங்காது. கங்காணி யாரென்று தோட்டத்து வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து ஆள் கட்டிவந்தவன் அவன். ஆளுக்குத் தலைக்காசு வாங்கினவன் அவன். கூலிக்காரனின் கடனைத் துண்டில் எழுதிவைத்து, அந்தக் கடனோடு அவனைத் தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றினவனும் அவனே. இலங்கையில் துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. மலாயாவிலோ, 1938-ல் இந்திய சர்க்கார் கூலியாட்கள் உதவி பெற்றுக் கப்பலேறுவதைத் தடுத்த பின்பே கங்காணியின் கை ஓய்ந்தது.

அத்தகைய வீட்டுப் பிள்ளைக்குத்தான் படிப்புக் கிட்டும். கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் பயின்ற சி. வி., 1934-ல் கவி தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தாம் ஆங்கிலத்தில் எழுதிய ‘விஸ்மாஜினி’ என்னும் இசை நாடகத்தை அவர் கையில் கொடுத்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை. தேயிலைத் தூருக்கும் சாந்திநிகேதனத்துக்கும் இடையே இருந்த தூரத்தை அவ்விளைஞர் கற்பனையால் கடந்தார். ஆனால் துரையின் பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க அவருக்கு இன்னும் பல வருஷங்கள் தேவைப்பட்டன.

தோட்டத் தொழிலாளர் அரசியல் சி. வி.யோடு தொடங்கியதன்று. 1920-களிலேயே கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தியும் சங்கம் அமைத்தும் துரைமாரை எதிர்த்தார். 1936 முதல் 1947 வரை ஹட்டன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபையில் இருந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக இயற்றினார். 1931-ல் வந்த சர்வஜன வாக்குரிமை அம்மக்களை எண்ணிக்கையுள்ளவர்களாக்கிற்று. 1947-ல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைக் கைப்பற்றியது. நுவரெலியாவுக்குத் தொண்டமான் சென்றார், தலவாக்கலைக்கு வேலுப்பிள்ளை. வேறு பல தொகுதிகளிலும் தோட்ட வோட்டுகள் இடதுசாரி அபேட்சகர்களுக்கு வலுவளித்தன. பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வளவு அவசரமாக வந்ததற்கு இதனினும் தெளிவான காரணம் தேவையா?

1952-ம் வருஷத் தேர்தலில் அத்தொகுதிகளின் கதவுகள் அடைபட்டன. காங்கிரஸ் பல மாதங்கள் சத்தியாக்கிரகம் நடத்தியது. சட்டம் அசையவில்லை. ஒரு தொகுதியின் எல்லை இருந்தது, மலை இருந்தது, கொழுந்து பறிக்கும் கைகளும் இருந்தன, வோட்டர் மட்டும் இல்லை. முப்பத்தெட்டாம் வயதுக்குள் ஒரு மனிதரின் பார்லிமெண்டு வாழ்வு முடிந்துபோயிற்று.

ஆங்கிலத்தில் அழுத அழுகை

இனி நூல்களுக்கு வருவோம். சி. வி.யின் பெயரைத் தோட்டத்துக்கு வெளியே பரப்பியது, 1950-களின் முற்பகுதியில் வெளிவந்த ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்னும் நெடுங்கவிதை. விடியற்காலையில் தப்பு முழங்குவதிலிருந்து தொடங்கும் அந்நூல், தேயிலைக்கு உரமாகி மண்ணுக்குள் மறைந்துபோன மூதாதையரை நினைந்து இரங்குகிறது. ஒரு மலையை உண்டாக்கியவருக்கு அம்மலையில் நினைவுக் கல் ஒன்றும் இல்லை என்பதே அதன் உள்ளுறை. காடு வெட்டப்பட்டதும், ரோடு போடப்பட்டதும், செல்வம் கப்பலேறிப் போனதும் இயற்கையாக நிகழ்ந்தவை போலத் துரைமாரின் வரலாறு சொல்லும். இக்கவிதையோ ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முதுகெலும்பு முறிந்ததைக் காட்டுகிறது. வோட்டைப் பறித்த சட்டம் ‘நீ வந்தேறி’ என்றது; கவிதை ‘என் பாட்டன் இம்மண்ணாகவே ஆகிவிட்டான்’ என்று பதிலிறுக்கிறது. வக்கீலின் வாதத்தினும் கூர்மையான வாதம் இது. சட்டம் கேட்ட பத்திரத்தைக் கவிதை கொடுத்தது. அதனை வாங்கிக்கொள்ளும் அதிகாரிதான் இல்லை.

ஆனால் விமர்சகனுக்கு ஒரு கேள்வி எழாமற் போகாது. யாருக்காக அழுதாரோ அவருள் எத்தனை பேர் அக்கவிதையைப் படித்திருக்க முடியும்? கொழுந்துக் கூடையைச் சுமந்த தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் எழுத்தே அறியாதவர் ஆயிரக்கணக்கில் இருந்த இடம் அது. துரைக்கும் மந்திரிக்கும் கொழும்பு நகரத்துப் படித்த கூட்டத்துக்கும் புரியும் பாஷையில் அவர் பேசினார். பார்லிமெண்டில் பேசியதும் அப்படித்தான். அங்கே அவசியமான காரியந்தான் அது. எனினும் அதில் தாகூரின் நடைச்சாயல் மிகுந்து, சில இடங்களில் துயரம் அழகிய துயரமாக மாறிவிடுகிறது. பசித்தவன் அக்கவிதையில் இருக்கிறான். ஆயினும் அவனுக்குப் பெயரில்லை, கோபமில்லை, கேலியில்லை. இரங்கத்தக்கவனாக மட்டுமே நிற்கிறான். பின்னர் சக்தீ பாலையா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். அதன் பிறகே அப்பாட்டு அது பிறக்க வேண்டிய வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்னலாம்.

நாவல்களின் பலமும் பலவீனமும்

சி. வி. அதோடு நின்றுவிடவில்லை. தொழிற்சங்க வேலையில் ஈடுபட்டு, தோட்டந்தோட்டமாகத் திரிந்து, தமிழில் எழுதலானார். இலங்கைப் பத்திரிகைகளில் தொடர்கதைகள் வந்தன. அவற்றுள் ‘வீடற்றவன்’ குறிப்பிடத்தக்கது. தோட்டத்தில் சங்கம் அமைக்க முனைந்த தொழிலாளி வேலையை இழக்கிறான். வேலையோடு வீட்டையும் இழக்கிறான். கதை இவ்வளவே. ஆனால் தோட்ட வாழ்க்கையின் அடிப்படை ரகசியம் இதில் அடங்கியிருக்கிறது. நகரத்துத் தொழிலாளி வேலையினின்று நீக்கப்பட்டால், இரவில் தன் அறைக்குத் திரும்பி மறுநாள் வேறு வேலை தேடலாம். தோட்டத்திலோ கூரையும் கூலியும் ஒரே கையில் இருக்கின்றன. லயத்துச் சாவியைத் துரை வைத்திருக்கும்வரை, தொழிலாளியின் நாக்கும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. பால்மரக் காட்டிலும் இந்நிலைமை வேறல்ல என்பதை ஜொகூர், பேராக் தோட்டங்களில் வாழ்ந்தவர் அறிவர்.

கலை நோக்கில் பார்த்தால், இந்நாவல்களில் குறைகள் உண்டு. நல்லவர் நல்லவராகவே வருகின்றனர். கெட்டவர் வாசற்படியிலேயே தம் கெடுதலை அறிவித்துவிடுகின்றனர். சம்பாஷணை சில இடங்களில் சங்கக் கூட்டத்துப் பிரசங்கமாகிவிடுகிறது. பிற்கால நாவலாகிய ‘இனிப் படமாட்டேன்’, இனக்கலவரங்களின் கொடுமையைச் சொல்லும்பொழுது, ஆசிரியரின் வேதனை பாத்திரங்களை முந்திக்கொண்டு ஓடுகிறது. இவற்றை மறைத்துப் புகழ்வது ஆசிரியருக்குச் செய்யும் மரியாதையன்று.

ஆனால் அதே நாவல்களில் பிரட்டுக்களத்துக் குளிர் இருக்கிறது. கணக்கப்பிள்ளையின் பேனாவுக்கு நடுங்கும் நெஞ்சு இருக்கிறது. லயத்துப் பேச்சு மொழி இருக்கிறது. வெளியிலிருந்து வந்து பார்த்தவரின் எழுத்தில் இவை இராது. 1970-களில் மலேசியாவுக்கு வந்துசென்ற அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். அன்பும் திறமையும் உள்ள நூல்தான். ஆயினும் விருந்தாளியின் கண்ணும் வீட்டுக்காரனின் கண்ணும் ஒன்றாகா. சி. வி.யின் நாவலில் நடை தடுக்கினாலும், காலடியில் இருப்பது சொந்த மண்.

பிரதிநிதித்துவத்தின் உச்சி

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நாம் மதிப்பது, அவர் தம் வாக்கு ஒன்றையும் பெரிதாகச் சேர்க்காத ஒரு நூலை. அதுவே ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’. வாழ்நாளெல்லாம் தோட்டங்களில் கேட்டுத் திரட்டிய நாட்டுப் பாடல்களின் தொகுதி அது.

கடல் தாண்டிக் காட்டு வழியே நடந்துவந்த துன்பம், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குத் தாய் சொல்லும் குறை, இழவு வீட்டு ஒப்பாரி, காமன் கூத்தின் களிப்பு, கங்காணியை நேரில் ஏச முடியாதவள் கும்மியில் ஏசும் ஏச்சு இவையெல்லாம் அந்த மக்களின் பாட்டில் உண்டு. ஆங்கிலக் கவிதையில் இரங்கத்தக்கவனாக மட்டும் நின்ற அதே மனிதன், இங்கே சிரிக்கிறான், கேலி செய்கிறான், காதலிக்கிறான், சபிக்கிறான். கங்காணியின் பேரன், கங்காணியை ஏசும் பாட்டைத் தன் கையால் எழுதி அச்சேற்றுகிறான்! இதனினும் சிறந்த சுயமரியாதைச் செயல் எது? தன் குலத்தின் பெருமையைக் காப்பாற்ற எண்ணியிருந்தால், அப்பாட்டுகளைக் காதில் விழாதது போல விட்டிருக்கலாம். அவர் விடவில்லை.

இங்கேதான் நாம் முதலிற் சொன்ன வேற்றுமை விளங்குகிறது. பார்லிமெண்டில் அவர் ஜனங்களுக்காகப் பேசினார். ஆங்கிலக் கவிதையில் ஜனங்களை எண்ணி அழுதார். நாவலில் ஜனங்களின் கதையைச் சொன்னார். பாடல் தொகுதியிலோ ஜனங்களையே பேசவிட்டார். படிப்படியாக அவர் குரல் தாழ்கிறது. அவர்கள் குரல் உயர்கிறது. வோட்டுப் பறிபோன மக்கள், வோட்டர் ஜாபிதாவில் இல்லாத தம் பெயரை இப்பாட்டுகளில் பதிந்துகொண்டனர்.

ஓர் ஆட்சேபம்

‘பாட்டு வயிற்றை நிரப்புமா? பிரஜாவுரிமையைக் கொடுத்ததா?’ என்று நடைமுறை அரசியல்வாதிகள் கேட்பர். நியாயமான கேள்வி. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 9,75,000 பேரை ஆடுமாடு போல எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டபோது, எந்தக் கவிதையும் அதைத் தடுக்கவில்லை. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர் பலர். அவருள் நீலகிரியில் மறுபடியும் தேயிலையே பறிக்கச் சென்றவரும் உண்டு. தொண்டமான் 1977-ல் மீண்டும் தேர்தலில் வென்று, மறுவருஷம் மந்திரியாகி, பேரம்பேசிப் பேரம்பேசியே உரிமைகளைச் சிறிது சிறிதாகப் பெற்றார். நாடற்றோர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது 2003-ம் வருஷத்துச் சட்டத்தாலேயே. அதனைக் காண சி. வி. உயிரோடில்லை.

நம் அண்டை நாட்டையும் பார்ப்போம். பேராக்கில் சுங்கை சிப்புட் என்னும் ரப்பர்த் தோட்டப் பகுதியின் பிரதிநிதியாக விளங்கிய வீ. தி. சம்பந்தன், மந்திரி பதவியில் இருந்துகொண்டே, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளரின் சிறு தொகைகளைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார். கையில் அதிகாரம் இருப்பவன் செய்யக்கூடியதும் இல்லாதவன் செய்யக்கூடியதும் ஒன்றல்ல. இதனை நாம் தாராளமாக ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். பேரத்துக்கு உட்காருபவன், தான் யாருக்காகப் பேரம் பேசுகிறானோ அவர்களை எண்ணிக்கையாக மட்டும் அறிந்திருந்தால் என்ன நேரும்? 9,75,000 என்னும் எண்தான் மிஞ்சும். அவ்வெண்ணுக்குள் தாலாட்டுப் பாடிய தாய் இருந்தாள், ஏசிப் பாடிய குமரி இருந்தாள் என்று உலகம் அறிவது இலக்கியத்தால் மட்டுமே. உரிமையைச் சட்டம் தரலாம், பறிக்கலாம், திரும்பவும் தரலாம். மனிதத்தன்மையைப் பதிவுசெய்வது வேறொரு வேலை. அதற்கு விடுமுறை கிடையாது.

நமக்கு என்ன?

சிங்கப்பூரில் நமக்கு அவ்விபத்து நேரவில்லை. 1957-ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணியார் தமிழர்களை நோக்கி, பதிந்துகொள்ளுங்கள், பதிந்துகொள்ளுங்கள் என்று ஓயாமல் வற்புறுத்தினார். தலவாக்கலையில் கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டது. இங்கே திறந்திருந்த கதவுக்குள் நுழையவே பலரைத் தள்ள வேண்டியிருந்தது. அன்று தள்ளிய கைக்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆயினும் வோட்டுக் கிடைத்ததோடு கணக்குத் தீர்ந்துவிடவில்லை. செம்பவாங்கிலும் நீசூனிலும் மண்டாயிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. 1938-ல் திறக்கப்பட்ட கப்பற்படைத் தளத்தில் நம்மவர் ஏராளமாக உழைத்தனர். இன்று அவ்விடங்களில் அடுக்கு வீடுகள் உயர்ந்து நிற்கின்றன. வீடு வந்தது நல்லதே. லயத்தை எண்ணி ஏங்குவது மூடத்தனம். ஆனால் பால் வெட்டியவர் பாடிய பாட்டு எங்கே? நம் கிழவிகளுள் எத்தனை பேர் அதனை நெஞ்சோடு எடுத்துச் சென்றுவிட்டனர்? பட்டதாரிகள் நிறைந்த நம் இலக்கியக் கழகங்கள், கவியரங்கத்தில் தம் பாட்டைப் படிக்கக் காட்டும் ஆர்வத்தில் பாதியையாவது, பிறர் பாட்டைக் கேட்பதில் காட்டலாகாதா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் ரோட்டுக்குச் செல்லுங்கள். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் ஒப்பந்தத்தில் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே கூடியிருக்கின்றனர். அவர்களுக்கு இங்கே வோட்டில்லை, தொகுதியில்லை, வேலை முடிந்தால் படுக்கும் இடமும் முடிந்தது. கூரையும் கூலியும் ஒரே கையில் இருப்பது என்னவென்று ‘வீடற்றவ’னைப் படித்தவருக்கு விளங்கும். 2014 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்க்கெனக் கவிதைப் போட்டிகள் இந்நகரில் நடந்திருக்கின்றன. தமிழ்த் தொழிலாளரும் அவற்றில் தம் பாட்டைச் சொல்லியிருக்கின்றனர். நம்முள் எத்தனை பேர் அவற்றைத் தேடிப் படித்தோம்? நடைபாதையை அடைத்துக்கொள்ளுகிறார்கள் என்று முகஞ்சுளித்தவர் எத்தனை பேர்?

தலவாக்கலையின் முன்னாள் அங்கத்தினர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே: ஆசனம் பறிபோன பின்பும் பிரதிநிதியாக இருக்கலாம், ஆசனத்தில் இருந்துகொண்டே பிரதிநிதியாக இல்லாமலும் போகலாம். வோட்டுள்ளவர் வோட்டற்றவருக்குக் காது கொடுப்பதே பிரதிநிதித்துவத்தின் முதற்படி. அதற்குத் தேர்தல் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.